பளு தாங்கும் வளையம்
மலைச் சைக்கிள் ரிம்மின் கதை

உங்கள் வீட்டில் சைக்கிள் இருந்தால், மேலே படிக்குமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வண்டியைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். பின்சக்கரத்தில் தரையை நோக்கி நேராக இறங்கும் கம்பி ஒன்றை விரலால் சுண்டுங்கள். தம்புராத் தந்திபோல ஓர் ஒலி எழும். அதை நினைவில் வைத்துக்கொண்டு, நண்பர் ஒருவரைச் சீட்டில் உட்காரச் சொல்லி மீண்டும் அதே கம்பியைச் சுண்டுங்கள். சுருதி இறங்கியிருக்கும். எழுந்தால் ஏறும், உட்கார்ந்தால் இறங்கும். இனி, சக்கரத்தின் உச்சியில் நிற்கும் கம்பியைச் சுண்டிப் பாருங்கள். நண்பர் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அதன் சுருதியில் மாற்றம் ஏதும் காதுக்கு எட்டாது.

தந்தியின் இழுவிசை குறைந்தால் சுருதி குறையும் என்பது பள்ளிப் பாடம். (இழுவிசை நான்கில் ஒரு பங்கானால் சுருதி பாதியாகும்.) ஆகவே, ஆள் ஏறியதும் அடிக்கம்பியின் இழுவிசை குறைந்துவிட்டது என்பது தெளிவு. 'மேலே உள்ள கம்பிகளில் அச்சு தொங்குகிறது' என்று நம்மில் பலர் எண்ணியிருப்போம். அப்படியானால் மேற்கம்பியின் இழுவிசையல்லவா ஏற வேண்டும்? ஏறவில்லையே!

இந்த வியப்புக்கு விடை கண்டால், உடல் எடை மிகுந்த ஒருவர் கரடுமுரடான மலைப்பாதையில் ஓட்டுவதற்கு எத்தகைய சக்கரம் வேண்டும் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். 'முதலில் எடையைக் குறையுங்கள், பிறகு சைக்கிள் வாங்கலாம்' என்ற அறிவுரை அத்தகையவர்களுக்கு எளிதாகக் கிடைக்கிறது. எடையைக் குறைக்கத்தானே அவர் சைக்கிளைத் தேடி வந்தார்? 110 கிலோ எடையுள்ளவரைத் தாங்கும் சக்கரம் செய்வது பொறியியலில் அரிய காரியமன்று. எனினும் அந்த அறிவு ஒழுங்காக வந்து சேர எவ்வளவு காலம் ஆயிற்று என்பது சுவையான வரலாறு.

மரத்திலிருந்து கம்பிக்கு

மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆரக்கால்கள் தூண்கள். அச்சின் பளு கீழே நிற்கும் ஆரக்காலை அமுக்குகிறது. அது தரையின்மீது ஊன்றி நிற்கிறது. மரம் அமுக்கத்தைத் தாங்கும். மெல்லிய கம்பி தாங்காது, அமுக்கினால் வளைந்துவிடும். அப்படியிருக்க, கம்பியால் சக்கரம் செய்ய யாருக்குத் துணிவு வந்தது?

இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி, 1808ஆம் ஆண்டிலேயே, இழுத்துக் கட்டிய நாண்களால் ஆன இலேசான சக்கரம் ஒன்றைத் தம் குறிப்பேட்டில் வரைந்து வைத்தார். பறக்கும் எந்திரம் பற்றிக் கனவு கண்டவர் அவர். அதற்கு எடை குறைந்த சக்கரம் தேவைப்பட்டது. பாரிசைச் சேர்ந்த யூஜின் மேயர் 1869இல் கம்பிச் சக்கரத்துக்கு உரிமம் பெற்றார். காவன்ட்ரி நகரின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் கம்பிகளை அச்சின் மையத்திலிருந்து நேராக ஓடவிடாமல், குடத்தைத் தொட்டுச் சாய்வாகச் செல்லுமாறு அமைத்தார். இன்று நாம் காணும் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் கம்பியமைப்பு அதுதான். மிதிக்கும்போது குடத்தின் முறுக்கத்தை ரிம்முக்குக் கொண்டுபோக இந்தச் சாய்வு உதவுகிறது.

இச்சக்கரத்தின் மருமம் முன்கூட்டியே ஏற்றி வைத்த இழுவிசையில் இருக்கிறது. நிப்பிளைத் திருகத் திருக ஒவ்வொரு கம்பியும் ரிம்மை உள்நோக்கி இழுக்கிறது. நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒரு கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமம். 36 கம்பிகள் இழுத்தால் ரிம் சும்மா இருக்குமா? வட்டத்தின் சுற்றுவழியே அது அமுக்கப்படுகிறது. 36ஐ 100ஆல் பெருக்கி, இரண்டு பை என்ற 6.28ஆல் வகுத்தால் 570 கிலோவுக்கு மேல் வருகிறது. யாரும் ஏறாமல், கொட்டகையில் சும்மா நிற்கும் சைக்கிளின் ரிம்முக்குள் இவ்வளவு அமுக்கவிசை எந்நேரமும் உறைந்து கிடக்கிறது!

இந்த இழுவிசையைக் கையிருப்புப் பணம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கம்பியிடமும் 100 ரூபாய் இருக்கிறது. ஆள் ஏறியதும் தரைக்கு மேலே நிற்கும் நாலைந்து கம்பிகள் தம் கையிருப்பிலிருந்து செலவு செய்கின்றன. இழுவிசை குறைவதும் அமுக்கம் கூடுவதும் கணக்கில் ஒன்றே. ஆகவே, கம்பிச் சக்கரமும் மாட்டுவண்டிச் சக்கரம்போல அடிக்கம்பிகளின்மீதுதான் நிற்கிறது என்று சொல்லலாம். கையிருப்பு உள்ளவரை எல்லாம் நலம். அது தீர்ந்து கம்பி தொய்ந்துவிட்டால், அந்த இடத்தில் ரிம்மைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்த ஆளில்லை. அப்போதுதான் சக்கரம் அப்பளமாக மடிகிறது.

இதை அளந்தும் கணினியில் கணக்கிட்டும் எல்லோருக்கும் விளங்கும்படி எழுதியவர் ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற கலிபோர்னியப் பொறியாளர். சைக்கிள் சக்கரத்தைப் பற்றி மட்டுமே அவர் எழுதிய நூல் 1981இல் வெளிவந்தது. 'சக்கரம் கம்பிகளின்மேல் நிற்கிறது' என்ற அவர் கூற்றைக் கேட்டு நகைத்தவர்களும் உண்டு, சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. நீங்கள் இப்போது செய்த சோதனை அவருக்குச் சாட்சி.

32க்கு 40

நம் ஊர்க் கறுப்புச் சைக்கிளைக் கொஞ்சம் பாருங்கள். முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? பிரிட்டிஷ் தொழிற்சாலைகளின் பழைய வழக்கம் இது. அவர்களுடைய வடிவத்தோடு இந்தியாவுக்கும் வந்தது. சீட்டில் அமர்ந்தவரின் எடையில் பெரும்பங்கு, ஏறத்தாழ 60 விழுக்காடு, பின்சக்கரத்தில் விழுகிறது. கேரியரில் மூட்டையோ மனைவி மக்களோ ஏறினால் அதற்கும் மேல். ஆகவே பின்னால் கூடுதல் கம்பி. அந்தக் கனத்த எஃகு ரிம்மும் 40 கம்பியும் சேர்ந்து பால் கேனையும் நெல் மூட்டையையும் சுமந்தன. பளுவை மட்டும் வைத்துப் பார்த்தால் இதைவிட அறிவான ஏற்பாடு இல்லை. ஆனால் எஃகு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும், எடையோ மிகுதி. மேட்டில் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பந்தயக்காரர்கள் இதற்கு வேறு வழி தேடினார்கள். 1890களில் மர ரிம் பரவியது. 1930களில் டூராலுமின் என்ற அலுமினியக் கலவையில் உள்ளீடற்ற ரிம்களை மாவிக் என்ற பிரெஞ்சு நிறுவனம் செய்தது. 1934ஆம் ஆண்டின் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை அந்தோனின் மாஞ் வென்றபோது அவர் வண்டியில் இருந்தவை இத்தகைய ரிம்களே என்றும், மரம் அல்லாத ரிம்முக்கு விதி இடம் தராததால் அவற்றுக்கு மர நிறம் பூசியிருந்தார்கள் என்றும் சொல்வர்.

அலுமினியத்தில் என்ன சிறப்பு? அதன் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அப்படியானால் ஆதாயம் ஏது என்று கேட்கலாம். ஒரே எடைக்கு மூன்று மடங்கு பருமனான பொருள் கிடைக்கிறதே, அதுதான் ஆதாயம். அந்தப் பருமனை உயரமாகவும் உள்ளீடற்ற பெட்டியாகவும் விரித்து வைக்கலாம். ஒரு சட்டத்தின் உயரத்தை இருமடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிறது. மூங்கிலும் இந்தக் கணக்கைத்தான் செய்து வைத்திருக்கிறது. பிழியும் முறையோ நம் வீட்டு முறுக்கு நாழிக்குச் சமானம். சூடாக்கிய அலுமினியத்தை அச்சு வழியே பிதுக்கினால் எந்தக் குறுக்குவெட்டு வேண்டுமோ அந்த வடிவில் நீளமாக வரும். அதை வளையமாக வளைத்து, முனைகளை ஊசி வைத்தோ பற்றவைத்தோ இணைத்து, துளையிட்டால் ரிம்.

மாரின் மலைச்சரிவில்

இனி கலிபோர்னியாவுக்குப் போவோம். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ளது மாரின் மாவட்டம். 1970களில் அங்கே சில இளைஞர்கள் பழைய இரும்புச் சைக்கிள்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, டமால்பயஸ் மலையின் மண்பாதைகளில் உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். அந்த வண்டிகள் யாருக்காகச் செய்யப்பட்டவை தெரியுமா? பத்திரிகை போடும் சிறுவர்களுக்காக! 1933இல் அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் பருத்த 'பலூன்' டயரை அறிமுகம் செய்தது. 26 அங்குல விட்டம், இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட பருமன். சிறுவர்கள் நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்கினாலும் ரிம் நசுங்காதிருக்க அந்தப் பருமன் உதவியது. டயர் அமரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 559 மி.மீ. இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள்.

1976 அக்டோபர் 21ஆம் நாள், ஃபேர்ஃபேக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே முதல் பந்தயம் நடந்தது. ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் பாதை. அதற்குள் 400 மீட்டர் இறக்கம். பாதையின் பெயர் 'ரீபேக்'. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் குடத்துக்குள்ளேயே பிடிக்கும் பிரேக்குதான் அவ்வண்டிகளில் இருந்தது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் குடத்திலுள்ள கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர்.

இது மிகைக் கதையா என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 125 கிலோ என்று கொண்டால், 400 மீட்டர் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல் 125 x 9.8 x 400, அதாவது 4,90,000 ஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். காற்றின் தடை ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் மீதி முழுதும் ஒரு சின்னஞ்சிறு குடத்துக்குள் போயிற்று. கிரீஸ் புகையாமல் என்ன செய்யும்?

அந்தப் பழைய எஃகு ரிம்கள் உதை தாங்கின. ஆனால் ஏறும்போது? பலர் வண்டியைத் தள்ளிக்கொண்டோ, லாரியில் ஏற்றிக்கொண்டோதான் மேலே போனார்கள். ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே புதிய சட்டகம் ஒன்றைச் செய்தார். டாம் ரிட்சி செய்த சட்டகங்களை கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979இல் 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினர். ஆனால் வண்டியை உண்மையில் மேலே ஏறவைத்தது ரிம்தான் என்பது என் கருத்து. அராயா, உக்காய் ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் பி.எம்.எக்ஸ். என்ற குதிப்பு வண்டிகளின் பெரிய வகைக்காக 26 அங்குல அலுமினிய ரிம்கள் செய்து வந்தன. அதே 559 மி.மீ. விட்டம்! எஃகைக் கழற்றி அலுமினியத்தை மாட்டியதும் சக்கரத்தின் எடை வெகுவாகக் குறைந்தது. ரிம்மில் பிடிக்கும் பிரேக்கும் ஈரத்தில் வேலை செய்தது. 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற மலைச் சைக்கிளைத் தொகையாக உற்பத்தி செய்தது. பத்திரிகைச் சிறுவனின் சக்கர அளவு, ஏறக்குறைய முப்பது ஆண்டுக்காலம் உலகெங்கும் வளர்ந்தவர்களின் மலைச் சைக்கிளை ஆண்டது.

இலேசு என்ற மோகம்

பந்தயம் வந்தால் எடைக் குறைப்பும் வரும். சான்டா குரூஸ் நகரின் கீத் பொன்ட்ரேகர், சாலைப் பந்தய ரிம்களை வெட்டி, ஒரு துண்டை எடுத்துவிட்டு, 26 அங்குலத்துக்கு மீண்டும் வளைத்தார். குறுகலான, இலேசான, எனினும் பெட்டிக் குறுக்குவெட்டால் வலிமை பெற்ற ரிம்கள் அவை. வேலையில் குற்றம் சொல்ல முடியாது. 1990இல் கொலராடோ மாநிலத்தின் டுராங்கோவில் முதல் உலகச் சாம்பியன் போட்டியும், 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியும் நடந்தன. வென்றவர்களின் குறுகிய ரிம்மும் குறைந்த கம்பியும் கடைகளில் எல்லோருக்கும் உரிய பொருளாகிவிட்டன. பந்தய வீரர் 65 கிலோ. அவருக்கு ஒவ்வொரு பந்தயத்துக்கும் புதுச் சக்கரம் கிடைக்கும். கடையில் வாங்குபவர் 100 கிலோ. ஒரே சக்கரத்தை ஐந்தாண்டு ஓட்ட வேண்டும். அவர் சக்கரம் கோணியபோது, பழி ரிம்மின்மீது விழாமல் அவர் உடம்பின்மீது விழுந்தது.

எடை மிகுந்தவர்கள் இக்காலத்தில் பிறருக்காகச் செய்ததைக் கடன் வாங்கித்தான் ஓட்டினார்கள். இருவர் மிதிக்கும் டாண்டம் வண்டிக்கு 40, 48 கம்பிச் சக்கரங்கள் இருந்தன. மலை இறக்கப் பந்தயத்துக்கு அகன்ற ரிம்கள் வந்தன. அமெரிக்காவின் சன் நிறுவனம் செய்த 'ரைனோ லைட்' என்ற அகன்ற, விலை மலிந்த ரிம் இந்த வட்டாரத்தில் நல்ல பெயர் எடுத்தது. அழகு பார்த்து அதை யாரும் வாங்கவில்லை. உடையாது என்பதற்காக வாங்கினார்கள்.

கையிருப்புக் கணக்கு

இப்போது நம் 110 கிலோ நண்பரை வண்டியில் ஏற்றுவோம். வண்டி 15 கிலோ, மொத்தம் 125. பின்சக்கரத்தின் பங்கு 60 விழுக்காடு, அதாவது 75 கிலோ. சமதரையில் இதை நான்கு அடிக்கம்பிகள் பங்கிட்டுக்கொண்டால் ஒன்றுக்கு ஏறத்தாழ 19 கிலோ. கையிருப்பு 100 இருக்கையில் கவலை இல்லை. கல் ஒன்றிலிருந்து சக்கரம் குதித்து இறங்கும்போது விசை மும்மடங்காகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 225 கிலோ. ஒரு கம்பியின் செலவு 56.

இன்னும் 44 மீதி இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். பின்சக்கரத்தின் வலப்பக்கத்தில் பல் சக்கரங்கள் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ஆகவே, வலப்பக்கக் கம்பிகள் குடத்திலிருந்து ஏறக்குறைய நிமிர்ந்தும், இடப்பக்கக் கம்பிகள் நன்கு சாய்ந்தும் வருகின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் சாய்ந்த கம்பி குறைவாக இழுக்க வேண்டும். வலக்கம்பியில் 100 என்றால் இடக்கம்பியில் சுமார் 60தான். செலவு 56, கையிருப்பு 60! அடுத்த கல் சற்றுப் பெரிதாக இருந்தால் இடக்கம்பி தொய்ந்துவிடும். மலைச் சைக்கிளின் பின்சக்கரம் இடப்பக்கத்தில் கம்பி அறுப்பதற்கும், ஒரு பக்கமாக மடிவதற்கும் காரணம் இந்த ஏற்றத்தாழ்வுதான்.

தொய்வு ஒருமுறை வந்தால் சக்கரம் உடனே போய்விடாது. உலோகத்துக்கும் அயர்வு உண்டு. ஒரு கம்பியை நூறு கிலோவில் இழுத்து அப்படியே பல்லாண்டு விட்டுவைத்தாலும் அது அறாது. ஏறி இறங்கும் விசைதான் அதைக் கொல்கிறது. 26 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 480 முறை சுற்றுகிறது. 2,000 கிலோமீட்டர் ஓட்டினால் ஒவ்வொரு கம்பியும் கிட்டத்தட்டப் பத்து லட்சம் முறை செலவும் வரவும் செய்திருக்கும். குடத்துக்குள் வளைந்து நுழையும் கழுத்தில்தான் அது பெரும்பாலும் அறுகிறது.

தீர்வுகள் என்ன? ரிம் விறைப்பாக இருந்தால் பளுவை நான்கு கம்பியோடு நிறுத்தாமல் ஏழு கம்பிக்குப் பங்கிடும். 225ஐ ஏழால் வகுத்தால் 32தான். கம்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் அதே பயன். இடவல ஏற்றத்தாழ்வைக் குறைப்பது இன்னொரு வழி. ரிம்மின் துளைகளை நடுவில் போடாமல் சில மி.மீ. ஒதுக்கிப் போடும் முறையை 1990களில் ரிட்சி நிறுவனம் உள்ளிட்ட சிலர் கைக்கொண்டனர். பார்வைக்குக் கோணலாகத் தோன்றும் இந்த ரிம், கம்பிகளின் இழுவிசையைச் சமன் செய்கிறது. 26 அங்குலத்துக்குப் பதில் 29 அங்குலச் சக்கரங்கள் பரவியபோது கம்பி நீண்டு பக்கவாட்டுப் பிடிப்பு தளர்ந்தது. அதை ஈடுகட்டவே பின்குடத்தின் அகலம் 142 மி.மீ.யிலிருந்து 148 மி.மீ. ஆயிற்று. ஆறு மி.மீ. என்ன பெரிது என்று தோன்றலாம். பக்கத்துக்கு மூன்று கிடைத்தாலே கம்பியின் சாய்வில் பத்தில் ஒரு பங்கு மாறுகிறது.

கம்பியின் பருமனைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. பளு மிகுதி என்றால் தடித்த கம்பி வேண்டும் என்றுதானே எண்ணுவோம்? 260 மி.மீ. நீளமும் 2 மி.மீ. தடிப்பும் உள்ள எஃகுக் கம்பி 100 கிலோ இழுவிசையில் 0.41 மி.மீ. நீளுகிறது. நடுப்பகுதியை 1.8 மி.மீ. ஆக மெலித்தால் அதே விசையில் 0.5 மி.மீ. நீளும். ரிம் உள்நோக்கி அமுங்கும்போது, கூடுதலாக நீண்டிருக்கும் கம்பிதான் நெடுநேரம் தொய்யாமல் பிடித்துக்கொண்டிருக்கும். எனவே முனைகளில் தடித்து நடுவில் மெலிந்த கம்பியே கனத்தவருக்கு நல்லது. கடைக்காரரிடம் இதைச் சொன்னால் முதலில் நம்பமாட்டார்.

இன்றைய கடையில்

1990களின் இறுதியிலிருந்து வட்டத்தகட்டு பிரேக்கு மலைச் சைக்கிள்களில் பரவியது. ரிம்முக்கு இது பெரிய விடுதலை. முன்பு பிரேக் கட்டையும் மணலும் சேர்ந்து ரிம்மின் பக்கச் சுவரை நாளுக்கு நாள் தேய்த்தன. கனத்தவர் பிரேக்கை மிகுதியாக அழுத்த வேண்டியிருந்ததால் அவர் ரிம் விரைவில் தேய்ந்தது. தேய்ந்த சுவரை டயரின் காற்றழுத்தம் வெளியே தள்ளிப் பிளந்துவிடுவதும் உண்டு. இப்போது சுவர் தேய்வதில்லை. மிச்சமான உலோகத்தை அகலத்தில் செலவிட முடிந்தது. 1990களில் உள்ளகலம் 17 மி.மீ. அளவில் இருந்த ரிம், இன்று 30 மி.மீ. வரை வந்துவிட்டது. உயரம் மேல்கீழ் விறைப்பைத் தருவதுபோல, அகலம் பக்கவாட்டு விறைப்பைத் தருகிறது. மேலும், டயரின் அடிப்பாகம் விரிந்து அமர்வதால் வளைவில் டயர் கவிழ்ந்து மடிவதில்லை.

1999இல் டியூப் இல்லாத டயருக்கான முறையை மாவிக் கொண்டுவந்தது. கனத்தவர் கல்லில் மோதும்போது டயர் முழுவதும் அமுங்கி, டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு துளை விழும். டியூப்பே இல்லையென்றால் அந்தத் துளையும் இல்லை. ஆனால் ரிம் கல்லில் அடிபடுவது மட்டும் நிற்கவில்லை. ஆகவே காற்றை மிகக் குறைக்கலாம் என்ற ஆலோசனையை அவர் அப்படியே ஏற்கக் கூடாது.

அலுமினியத்தில் இன்று பந்தய ரிம் 400 கிராம் அளவிலும், பொதுவான மலைப்பாதை ரிம் 500 கிராம் அளவிலும், இறக்கப் பந்தய ரிம் 600 கிராமும் அதற்கு மேலும் இருக்கின்றன. நம் நண்பருக்குப் பின்னால் 550 முதல் 600 கிராம் வரை உள்ள இரட்டைச் சுவர் ரிம்மும், முன்னால் அதைவிட ஒரு படி இலேசானதும் போதும் என்பேன். முன்னும் பின்னும் ஒரே ரிம் இருக்க வேண்டும் என்பது கண்ணுக்காக ஏற்பட்ட வழக்கம். அந்த 32க்கு 40 காலத்து அறிவு மேலானது. 28 கம்பிச் சக்கரத்தை அவர் தொடவே வேண்டாம். 32 இருக்கலாம், பின்னால் 36 கிடைத்தால் நல்லது. ஆனால் 36 துளை ரிம்கள் இப்போது கடைகளில் அருகி வருகின்றன. கரி இழை ரிம் விறைப்பில் சிறந்தது, விலையும் அப்படியே. அலுமினியம் அடிபட்டால் நெளியும், கரி இழை வெடிக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யட்டும்.

தயாரிப்பாளர்கள் இப்போது ரிம்முக்கு எடை வரம்பு குறிக்கிறார்கள். '120 கிலோ' என்று கண்டதும், நான் 110தானே என்று வாங்கிவிடக் கூடாது. பெரும்பாலும் அது ஓட்டுநர், வண்டி, பை, தண்ணீர் எல்லாம் சேர்ந்த மொத்த எடை. நம் நண்பரின் மொத்தம் 125 என்று மேலே கண்டோம். மின் மோட்டார் பொருத்திய மலைச் சைக்கிள்கள் வந்த பிறகு இந்த வரம்புகள் ஏறியிருக்கின்றன. மோட்டாரும் மின்கலமும் சேர்ந்து வண்டியே இருபது கிலோவுக்கு மேல் ஆகிவிட்டதால், ரிம்மும் கம்பியும் தடிக்க வேண்டியதாயிற்று. ஆக, இம்முறையும் கனத்தவருக்கு வேண்டியது வேறொருவர் தேவையின் வழியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

பழைய 559 அளவு வண்டி வைத்திருப்பவர் அதை அவசரப்பட்டு விற்க வேண்டாம். சிறிய சக்கரத்தில் கம்பி குட்டை. குடத்திலிருந்து சாய்வு கூடுதல். அதே ரிம்மும் அதே கம்பியும் 29 அங்குலத்தைவிட 26இல் விறைப்பாக நிற்கும். கடினமான பாடு ரிம் தேடுவதுதான். புதிய அளவுகள் வந்தபின் இதன் வகைகள் குறைந்துவிட்டன.

ரிம் எதுவாயினும் கட்டும் கையைப் பொறுத்தே ஆயுள். எந்திரம் கட்டிய மலிவுச் சக்கரத்தில் இழுவிசை பெரும்பாலும் குறைவாகவும் ஒழுங்கற்றும் இருக்கும். கையிருப்பே இல்லாமல் குடித்தனம் தொடங்குவதுபோல. புதுச் சக்கரத்தை வாங்கி முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் கடைக்குக் கொண்டுபோய்க் கோட்டம் எடுத்து, தொய்ந்த கம்பிகளை இறுக்கச் சொல்லுங்கள். அதற்குமுன் நீங்களே ஒருமுறை சுண்டிப் பாருங்கள். வலப்பக்கக் கம்பிகள் தமக்குள் ஒரு சுருதியிலும், இடப்பக்கக் கம்பிகள் தமக்குள் சற்றுத் தாழ்ந்த ஒரு சுருதியிலும் ஒலிக்க வேண்டும். நடுவே ஒன்று மட்டும் மந்தமாகக் கேட்டால், அந்த நிப்பிளில் சாக்குக்கட்டியால் ஒரு குறி இட்டுவிடுங்கள்.